படித்துச் சொல்லப் பக்கத்துக்குப் பத்து ரூபாய்

குன்னூரில் வாடகை ஒப்பந்தம் எழுத எங்கே போகலாம் என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதற்குப் பதில் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்போர்டுக்கு ஏறும் வழியில், ஒரு மாடிப்படிக்கு அடியில், எட்டடிக்கு ஆறடி இடம். ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், துணி போட்டு மூடிய ஒரு டைப்ரைட்டர். ‘டைப்பிங், ஜெராக்ஸ், அக்ரிமென்ட்’ என்று அட்டை தொங்கும். அதற்குக் கீழே பேனாவால், ‘ஆங்கிலப் பத்திரம் படித்துச் சொல்லப்படும், பக்கம் ரூ.10’. நான் போனது அந்தக் கடைசி வரிக்காக.

முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன்: ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒன்று எதற்கு என்று போகப் போகத் தெரியும்.

நான் கோத்தகிரியில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். இலை எடை, பட்டுவாடா, பில் எல்லாம் இங்கிலீஷில் ஓட்டிவிடுவேன். ஆனால் லண்டனில் இருக்கும் சித்தி வாட்ஸ்அப்பில் அனுப்பிய 38 பக்க வாடகை ஒப்பந்தத்தைத் திறந்ததும் மூன்றாம் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். சொல்லுக்குச் சொல் அர்த்தம் தெரிந்தது. சேர்த்துப் படித்தால் செய்யலாம் என்கிறதா, கூடாது என்கிறதா என்று பிடிபடவில்லை.

சித்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பம் 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கை மலையகத்திலிருந்து நீலகிரிக்கு வந்து சேர்ந்தது. அம்மா வந்தார். சித்தி யாழ்ப்பாணத்துக்காரரைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கி, கலவரத்துக்குப் பிறகு லண்டன் போனவர். இப்போது வயது 68. சித்தப்பா இல்லை. பல வருடம் வரிசையில் காத்திருந்து, சென்ற ஜனவரியில்தான் கிழக்கு லண்டனில் ஒரு படுக்கையறை கவுன்சில் வீடு கிடைத்தது. நகராட்சி வாடகைக்குக் கொடுக்கும் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மருமகள் தமிழ்ப்பெண் இல்லை. பேரன் இங்கிலீஷைக் கடகடவென்று படித்துக் காட்டுவான், தமிழில் விளக்க வராது. சாவி வாங்கிய அன்று காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

பிப்ரவரியில் போன் செய்தார். ஊரில் ஒரு கல்யாணம், ஏப்ரலில் வந்து நாலு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று ஆசை. “ஏன் பிள்ளை, வீடு சும்மா பூட்டித்தானே கிடக்கப் போகுது? தெரிஞ்ச பொடியன் ஒருத்தன் வீடு தேடுறான். நாலு மாசத்துக்கு அவனுக்குக் குடுத்தா டிக்கெட் காசாவது வரும்.”

எனக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. நம் ஊரில் யார் செய்வதில்லை? ஆனாலும் அந்த 38 பக்கத்தில் இதைப் பற்றி ஏதாவது இருக்கும் என்று ஒரு உறுத்தல். அப்படித்தான் ஒரு சனிக்கிழமை ஃபேக்டரியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் குன்னூர் பஸ் ஏறினேன்.

கடைக்காரர் எழுபதைத் தாண்டியவர். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவராம். சார் என்றே சொல்கிறேன், எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். காகிதக் கட்டைக் கையில் வாங்கியதும் படிக்கத் தொடங்கவில்லை. எடை பார்ப்பதுபோல் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து, வாக்கியம் வாக்கியமாக ஓரத்தில் குறி போட்டுக்கொண்டே போனார். சில இடத்தில் ‘கு’, சில இடத்தில் ‘வீ’. கு என்றால் குடியிருப்பவர் செய்ய வேண்டியது. வீ என்றால் வீட்டுக்காரர் செய்ய வேண்டியது. இரண்டும் இல்லாத வாக்கியத்துக்கு ஒரு கோடு. “கோடு போட்டதை எல்லாம் நீங்க படிக்கவே வேண்டாம்மா, அது பேச்சு” என்றார்.

பத்துப் பக்கம் போனதும் நிமிர்ந்து, “இதென்ன, வக்கீல் வாசனையே இல்லையே” என்றார். ‘நீங்கள் இதைச் செய்ய வேண்டும், நாங்கள் இதைச் செய்வோம்’ என்றே முழுக்க எழுதியிருந்தார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று நினைக்கிறேன். ஆனால் ‘வீ’ குறிகளை எண்ணிப் பார்த்ததும் முகம் மாறியது. ‘கு’ எத்தனையோ கிட்டத்தட்ட அத்தனை ‘வீ’. “நாற்பது வருஷம் அக்ரிமென்ட் பார்த்திருக்கேன். வீட்டுக்காரனுக்கு இவ்வளவு வேலை வைச்ச அக்ரிமென்ட்டை இப்பத்தான் பார்க்கிறேன்.”

அன்றைக்கு ஒரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டார். மூன்று மணிக்குத்தான் திறப்பார். சாப்பாடு, தூக்கம் இரண்டும் உண்டு. தெரியாமல் போனால் பெட்போர்டில் டீயும் வர்க்கியும் சாப்பிட்டுக்கொண்டு மழைக்கு ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். நான் நின்றேன். 38 பக்கத்துக்கு மூன்று சனிக்கிழமை ஆயிற்று.

அவர் சொன்னதில் முக்கியமானது ப்ரொபேஷன் விஷயம். பத்திரத்தில் ‘இன்ட்ரடக்டரி டெனன்சி’ என்று இருந்தது. அவர் வைத்த பெயர் ப்ரொபேஷன், அதுவே எனக்குச் சட்டென்று புரிந்தது. வேலையில் சேருகிறவனுக்கு இருப்பது போல வீட்டுக்கும் முதல் 12 மாதம் பார்வைக் காலம். வேண்டுமானால் இன்னும் 6 மாதம் நீட்டுவார்கள். வாடகை ஒழுங்காகக் கட்டி, அக்கம்பக்கத்துக்குத் தொல்லை இல்லாமல் இருந்தால் அது தானாக ‘செக்யூர் டெனன்சி’ ஆகிவிடும், அதாவது பணி நிரந்தரம். நிரந்தரமான பிறகு வெளியேற்ற வேண்டுமானால், சட்டத்தில் எழுதியிருக்கிற காரணங்களில் ஒன்றைக் கோர்ட்டில் காட்டி உத்தரவு வாங்க வேண்டும். ப்ரொபேஷனில் இருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அப்போதும் கோர்ட் உத்தரவு வேண்டும்தான். ஆனால் காரணத்தை எழுதி நோட்டீஸ் கொடுத்து, முறைப்படி எல்லாம் செய்துவிட்டால் கோர்ட் மறுக்காது. நோட்டீஸ் வந்த 14 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், அவ்வளவுதான் கையில் இருப்பது.

இதைக் கேட்டதும் சித்தியின் ‘பொடியன்’ ஞாபகத்துக்கு வந்தான். சார் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு 21ஆம் பக்கத்தைக் காட்டினார். உள்வாடகை. நிரந்தரமான குடித்தனக்காரர் ஒரு அறையில் லாட்ஜர், அதாவது கூடவே தங்கும் வாடகை ஆள், வைத்துக்கொள்ளலாம், அது அவர் உரிமை. வீட்டில் ஒரு பகுதியைத் தனியாக வாடகைக்கு விட எழுத்தில் அனுமதி வேண்டும். முழு வீட்டையும் இன்னொருவரிடம் விட்டுவிட்டுப் போவது கூடவே கூடாது. போனால் அந்த நிரந்தரம் போய்விடும், பிறகு ஆளைக் காலி செய்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாலும் திரும்பக் கிடைக்காது. அதோடு 2013இல் ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள். தெரிந்தே ஏமாற்றி உள்வாடகைக்கு விட்ட நிரந்தரக் குடித்தனக்காரருக்கு இரண்டு வருடம்வரை சிறை. ப்ரொபேஷனில் இருக்கும் சித்திக்கு லாட்ஜர் வைக்கும் உரிமைகூட இன்னும் வரவில்லை. வீட்டைத் திருப்பி வாங்குவது அவர்களுக்குச் சுலபம்.

அன்று ராத்திரியே சித்திக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் பேச்சு இல்லை. பிறகு, “அந்தப் பொடியன்கிட்ட நான் அட்வான்ஸ் வாங்கேல்ல பிள்ளை” என்றார். சரி, அந்த மட்டில் பிழைத்தோம்.

38 பக்கத்துக்கு 380 ரூபாய் ஆக வேண்டும். 350 வாங்கிக்கொண்டார். அந்த ஒரு பக்கத்துக்கே அது தகும்.

குறைத்த மார்க் இங்கேதான் வருகிறது. நாலு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு வரலாமா என்று கேட்டதற்கு, “அதுதான் உங்க சித்தியோட பிரதான வீடாக இருக்கணும், நீண்ட நாள் வெளியே போனா கவுன்சிலுக்குத் தெரியப்படுத்தணும். ஒரு லெட்டர் கொடுத்துட்டு வரச் சொல்லுங்க, போதும்” என்றார் சார். பத்திரத்தில் இருப்பது அவ்வளவுதான். ஆனால் சித்தியின் வாடகையை ஹவுசிங் பெனிஃபிட் என்ற உதவித்தொகை கட்டுகிறது. அது வேறு கதவு, வேறு சட்டம். நல்ல வேளையாகப் பேரன் சித்தியைச் சிட்டிசன்ஸ் அட்வைஸுக்கு அழைத்துப் போனான். இலவசமாக ஆலோசனை சொல்லும் இடம். அவர்கள் சொன்னது: நாட்டை விட்டு வெளியே போனால் சாதாரணமாக 4 வாரம் வரைதான் அந்தப் பணம் வரும். அதற்கு மேல் தங்குவதாகத் திட்டம் போட்டுக் கிளம்பினால் கிளம்பிய நாளிலிருந்தே நின்றுவிடும். நாலு மாத வாடகை பாக்கி விழுந்திருக்கும், அதுவும் ப்ரொபேஷன் வருடத்தில்.

இதைச் சாரிடம் போய்ச் சொன்னேன். கோபப்படவில்லை. “காகிதத்துல இருக்கிறதைத்தான் நான் படிப்பேன். இல்லாததைச் சொல்ல ஜோசியனா?” என்றார். நியாயம்தான். ஆனாலும் ஒரு மார்க் ஒரு மார்க்தான். இந்தக் கடைக்குப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: காகிதத்துக்கு வெளியே இருப்பதற்கு வேறு ஆளைக் கேட்க வேண்டும்.

சின்னச் சின்னத் தடுமாற்றமும் உண்டு. வாடகை ‘வாரத்துக்கு’ என்று இருந்ததைப் பார்த்து அச்சுப் பிழை என்று சாதித்தார். அங்கே கவுன்சில் வீட்டுக்கு வாரக் கணக்குதான். அதே பக்கத்தில் வருடத்தில் நாலு வாரம் வாடகை இல்லை என்று ஒரு வரி. எனக்கு ஒரே ஆச்சரியம். சார் கால்குலேட்டரை எடுத்தார். வருட வாடகையை 52 வாரத்துக்குப் பதில் 48ஆகப் பங்கு போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். “தீபாவளி சீட்டு மாதிரி. உங்க காசை உங்களுக்கே போனஸா காட்டுறான்” என்றார். இந்த மாதிரி இடத்தில் மனிதர் கில்லாடி.

இன்னொன்று, பிரிட்டன் முழுக்க ஒரே சட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நானும்தான். வேல்ஸில் 2022 டிசம்பர் முதல் ஒப்பந்தத்தின் பெயரே வேறு, ஸ்காட்லாந்தில் சட்டம் தனி என்று பேரன் சொன்னான். ஆகவே இங்கே நான் எழுதுவதெல்லாம் இங்கிலாந்து கவுன்சில் வீட்டுக்கு மட்டும்.

பேரனுக்கு வீட்டை எழுதி வைக்கலாமா என்பது சித்தியின் அடுத்த கேள்வி. முடியாது. 2012 ஏப்ரலுக்குப் பிறகு தொடங்கிய இந்த மாதிரி குடியிருப்பு சட்டப்படி கணவன் அல்லது மனைவிக்குத்தான் போகும், அல்லது அப்படிச் சேர்ந்து வாழ்ந்தவருக்கு, அதுவும் ஒரு தடவை. மற்றவருக்குப் போக வேண்டுமானால் ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதியிருக்க வேண்டும். சித்தியின் ஒப்பந்தத்தில் இல்லை. சித்தி இதில் ரொம்ப நேரம் நின்றார். எனக்கு அது புதிதாகப் படவில்லை. நான் எஸ்டேட் லைனில் பிறந்து வளர்ந்தவள். தொழிலாளிக்கு வீடு கொடுக்க வேண்டும் என்று அப்போதிருந்த 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. எங்களுக்கும் கொடுத்திருந்தார்கள். அப்பா ஓய்வு பெற்ற மாதம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தோம். அம்மா வைத்த ரோஜாச் செடியைத் தோண்டி எடுக்கலாமா என்று யாரையும் கேட்கவில்லை, கேட்க ஒரு காகிதமும் இருந்ததில்லை. எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

மூன்றாம் சனிக்கிழமை ரிப்பேர் பகுதி. இதற்குத்தான் நான் காத்திருந்தேன், காரணம் சொல்கிறேன்.

சுவர், கூரை, வெளிக்குழாய், கழிவுக்குழாய், தண்ணீர், கேஸ், கரண்ட் இணைப்புகள், வெந்நீர், அறைச்சூடு எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. 1985ஆம் வருடச் சட்டம் அதைச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டு தப்பிக்கவும் முடியாது. வருடம் ஒருமுறை கேஸ் சோதனை செய்து சான்று தர வேண்டும். அதற்கு ஆளை உள்ளே விடுவது குடியிருப்பவர் கடமை, ஒரே வாக்கியத்தில் ஒரு ‘வீ’யும் ஒரு ‘கு’வும். சிறிய அவசர ரிப்பேர், 250 பவுண்டுக்குள் முடிவது, குறித்த நாளில் நடக்கவில்லை, இரண்டாவது ஆளை அனுப்பியும் நடக்கவில்லை என்றால் 10 பவுண்டு நஷ்டஈடு, அதன்பின் நாளுக்கு 2 பவுண்டு, மொத்தம் 50க்கு மேல் போகாது. அந்த ஊர் விலைக்கு ஐம்பது பவுண்டு பெரிய காசு இல்லை. ஆனாலும் தாமதத்துக்கு ஒரு விலை எழுதி வைத்திருக்கிறார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது.

பத்திரத்தோடு ஈரத்தையும் பூஞ்சணத்தையும் பற்றித் தனியாக ஒரு தாள் இருந்தது. 2020 டிசம்பரில் ராச்டேல் என்ற ஊரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, குடியிருந்த வீட்டுப் பூஞ்சணத்தால் மூச்சுக்கோளாறு வந்து இறந்துபோனது. அந்தக் குழந்தை பெயரிலேயே விதி வந்துவிட்டது. 2025 அக்டோபர் 27 முதல், உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடி ஆபத்தான அவசரக் குறை என்றால் 24 மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும். கடுமையான ஈரமும் பூஞ்சணமும் என்றால் 10 வேலை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். பார்த்த பிறகு 3 வேலை நாளில் எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும், ஆபத்து இருந்தால் 5 வேலை நாளில் அதை நீக்க வேண்டும். செய்யாவிட்டால் கவுன்சிலிலேயே இரண்டு படி புகார், முதல் படிக்கு 10 வேலை நாள், அடுத்ததற்கு 20. அதற்கும் மேல் ஹவுசிங் ஆம்பட்ஸ்மன் என்று ஒரு குறைதீர்ப்பாளர்.

சார் இதைப் படிக்கும்போது நான் என் வீட்டுச் சுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். கோத்தகிரியில் இருப்பவர்களுக்குத் தெரியும். மழைக் காலத்தில் பீரோவுக்குப் பின்னால் கை வைத்தால் சுவர் ஈரத் துண்டு மாதிரி இருக்கும். ஐப்பசி வரும்போது மூலையில் கறுப்பு படர்ந்திருக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, சாம்பிராணி போட்டு, அடுத்த மாதம் திரும்பத் தேய்த்து. என் மகனுக்கு வீசிங். வீட்டு ஓனரிடம் சொன்னால், “மலையில இருந்தா ஈரம் இல்லாம எப்படி?” என்பார். தப்பில்லாத பதில்தான். கூரையில் ஓடு உடைந்திருப்பதை மட்டும் அவர் பேச்சில் சேர்ப்பதே இல்லை.

கைப்பையில் என் ஒப்பந்தம் இருந்தது, மூன்று பக்கம், வேறு ஒரு இடத்தில் எழுதியது. எடுத்துக் கொடுத்தேன். சார் பென்சிலால் குறி போட்டார். கு, கு, கு, கு. இரண்டாம் பக்கக் கடைசியில் ஒரே ஒரு ‘வீ’: வாடகையைப் பெற்றுக்கொள்வார். இருவரும் சிரித்துவிட்டோம்.

இதற்கு முந்தைய வீட்டில் தகராறு வந்தபோது ஓனர் மோட்டார் ஸ்விட்சைப் பூட்டிவிட்டுப் போனார். பன்னிரண்டு நாள் குழாயடியில் நின்றேன். அப்படிச் செய்யக்கூடாது என்று நம் ஊரிலும் சட்டம் இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. சார் அலமாரியிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்தார். தமிழ்நாட்டில் 1960இல் வந்த பழைய வாடகைச் சட்டத்தை எடுத்துவிட்டு 2017இல் புதிதாக ஒன்று போட்டார்கள், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறை. நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் என்று பெயரே அப்படித்தான். தண்ணீர், கரண்டை நிறுத்தக்கூடாது. ஓனர் உள்ளே வர 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது, காலி செய்த பிறகு பிடித்தம் போக ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதற்கு டெனன்சி டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன் என்று அரசு வலைத்தளம் இருக்கிறது. 11 மாதம் போட்டால் எதுவும் பதிய வேண்டாம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது பத்திரப்பதிவுச் சட்டக் கணக்கு. இது வேறு.

இந்தச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை எல்லாரும் வீட்டுக் கதவில் ஒட்டிவைக்க வேண்டியது. யார் எதை ரிப்பேர் செய்வது என்று பட்டியல். கட்டட ரிப்பேர், வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர். குழாய் வாஷர், ஸ்விட்ச், பிளக், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை சுத்தம், கெய்சர் ரிப்பேர் எல்லாம் குடியிருப்பவர். கெய்சரைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் வருத்தம். டிசம்பர் உறைபனியில் கெய்சர் நின்றால் என்ன ஆகும் என்று இதை எழுதினவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள், சமவெளிக்காரர்களாக இருக்கும். லண்டனில் வெந்நீர் வீட்டுக்காரர் தலையில். சரி, போகட்டும்.

எனக்கு வைகாசியில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சாரிடமே எழுதச் சொன்னேன். முத்திரைத்தாள் செலவு போக 500 ரூபாய். நாலு பக்கம். எழுதுவதற்கு முன் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். கூரை என்ன கூரை, தண்ணீர் எங்கிருந்து, பின்பக்கம் யாருடையது. பின்பக்கத்தில் ஓனருடைய பிளம்ஸ் மரம் இருக்கிறது. பழம் வரும் நேரத்தில் அவர் சொல்லாமல் கொள்ளாமல் சாவி போட்டுத் திறந்து, நடுவீட்டு வழியாகக் கூடையோடு போவார். ஒருமுறை நான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்காகவே தனியாக ஒரு ஷரத்து: ‘மரத்தின் பலன் உரிமையாளருக்கு, பறிக்க வருமுன் 24 மணி நேரத்துக்கு முன்பு வாட்ஸ்அப்பில் தெரிவிக்க வேண்டும்.’ இப்படி எந்த அச்சு ஒப்பந்தத்திலும் கிடைக்காது.

டைப்பிங் பற்றி எச்சரிக்க வேண்டும். வாசகம் சாருடையது, அடிப்பது ஒரு பையன். அவன் கண் பாதி நேரம் போனில். முதல் பிரதியில் ‘வாடகைக்குக் குடியிருப்பவர்’ என்பது ஏழு இடத்தில் ‘வாடகைக்குக் குடிப்பவர்’ என்று வந்திருந்தது. ‘குடிப்பவர் சுவர்களுக்குச் சேதம் விளைவிக்கக் கூடாது’ என்று படித்துவிட்டு என் கணவர் கையெழுத்துப் போட மறுத்தார். அப்பாவின் இனிஷியலும் தப்பு. திருத்தித் தந்தார்கள், அதற்குக் காசு வாங்கவில்லை, ஆனால் இன்னொரு முறை பஸ் ஏற வேண்டியிருந்தது. எழுத்துக்கு எழுத்து படித்துவிட்டு முத்திரைத்தாளில் அடிக்கச் சொல்லுங்கள். ரசீது கிடையாது. ஜிபே உண்டு, பணம் மகன் கணக்குக்குப் போகும், போய்ச் சேர்ந்ததா என்று அவர் மகனுக்குப் போன் செய்து கேட்கும்வரை நீங்கள் நிற்க வேண்டும். உட்கார ஒரே ஸ்டூல். கரண்ட் போனால் அன்றைக்கு அவ்வளவுதான்.

ஓனர் கோயம்புத்தூரில் இருப்பவர். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, “என்னங்க, எனக்கே கண்டிஷனா?” என்றார். அட்டவணையைக் காட்டினேன். கெய்சர் என் செலவு என்பதை முதலில் காட்டச் சொல்லிச் சார் சொல்லிக் கொடுத்திருந்தார், அது வேலை செய்தது. பிளம்ஸுக்குச் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். கூரையில் உடைந்த ஓடு மழைக்கு முன் மாற வேண்டும் என்பதற்கும் சரி என்றார். ஈரம் பற்றிச் சொன்ன நாளிலிருந்து 15 நாளில் ஆள் அனுப்ப வேண்டும் என்று போட்டிருந்ததை ‘கூடிய விரைவில்’ என்று மாற்றினால்தான் கையெழுத்து என்று நின்றார். மாற்றினோம். அட்வான்ஸ் 50,000 அப்படியே இருக்கிறது, அதைத் தொட்டால் வீடே இல்லை என்பது எனக்குத் தெரியும். வாடகை 6,500. மூன்று மாதக் கணக்கு எங்கே, இது எங்கே! ஆனாலும் இப்போது என் நாலு பக்கத்தில் ஒன்பது ‘வீ’ இருக்கிறது. ஓடு ஜூன் முதல் வாரம் மாறிவிட்டது.

சித்தி ஏப்ரலில் வந்தார். நாலு மாதம் 26 நாளாகச் சுருங்கியிருந்தது. போக வர டிக்கெட்டை நான் பார்த்து, விரல் விட்டு எண்ணிய பிறகுதான் வாங்கச் சொன்னேன். கவுன்சிலுக்கு லெட்டர், பக்கத்து வீட்டில் சாவி, தண்ணீர் மெயின் வால்வை மூடியது எல்லாம் பேரன் பொறுப்பு. கல்யாணம் முடிந்த மறுவாரம், அந்தச் சாரைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இரண்டு பேரும் குன்னூர் போனோம்.

சித்தி ஒரு டப்பா பிஸ்கட் கொண்டுவந்திருந்தார். ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு சார் நின்றார். பேச்சு கொஞ்ச நேரம் கல்யாணம், குளிர், யாழ்ப்பாணம் என்று போயிற்று. பிறகு சார், அந்த முப்பத்தெட்டுப் பக்கத்தை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். இனிமேல் ஒப்பந்தம் எழுத வரும் வீட்டு ஓனர்களுக்குக் காட்டுவதற்காம். சித்தி, “எடுங்கோ, எடுங்கோ, எனக்கென்ன” என்றார். பெயர், முகவரி வந்த இடமெல்லாம் வெள்ளைத்தாள் வைத்து மறைத்து, பையன் முப்பத்தெட்டையும் ஜெராக்ஸ் போட்டான். பிஸ்கட் டப்பாவை அலமாரியில் பழுப்புக் கவருக்குப் பக்கத்தில் வைத்தார் சார்.

ஜெராக்ஸ் காசை என்னிடம்தான் வாங்கினார்.